மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் வழுக்குதல்

நாமகிரிப்பேட்டைச் சுற்றுக் கிராமங்களில், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் மரவள்ளிக் கிழங்கு ஏற்றச் செல்லும் பிக்கப் வண்டி, பாரத்தோடு ஏறும் வழுக்கு மேட்டை வெறுமையாய் ஏற மறுப்பதைக் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். இவ்வண்டிகள் பெரும்பாலானவற்றில் எஞ்சின் முன்னே இருக்க, உந்துவதோ பின் சக்கரம். பாரமில்லாத சக்கரம் தரையை அழுத்தாது. அழுத்தாத சக்கரம் பிடிக்காது.

பனி பெய்யும் தேசங்களில் இதற்கு மணல் மூட்டை ஏற்றுவது வழக்கம். இங்கும் அது பயன்படும். நான்கைந்து மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்து இறுகக் கட்டவேண்டும். கடைக்கோடியில் வைத்தால் முன் சக்கரம் இலேசாகி, வண்டி ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. மூட்டைகளின் எடையும் வண்டிக்கு அனுமதித்த பாரத்தில் சேர்ந்ததே. சக்கரம் சேற்றில் அகப்பட்டால் அம்மணலையே அடியில் இடலாம்; பாறாங்கல் ஏற்றுவோருக்கு இவ்வுதவி இல்லை.

டிராக்டரின் பின் டயரில் நீர் நிரப்புவதும் இவ்வகையே. வால்வை உச்சியில் நிறுத்தி அம்மட்டம் வரை நிரப்பினால் ஏறக்குறைய முக்கால் பங்கு கொள்ளும். குளிர் தேசத்தார் நீர் உறையாதிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பர். நமக்கு வெறும் நீரே போதும். ஆயினும் ஈரம் சுவறாத நிலத்தில் இப்பாரத்தோடு இறங்குவது பெருந்தவறாகும். மஞ்சளும் மரவள்ளியும் மண்ணுக்குள் பருப்பவை. உழவுக்கு எட்டாத ஆழத்தில் மண் இறுகினால், அவ்விறுக்கம் பல போகங்களுக்கு நீங்காது. பிடி மண்ணை உருட்டினால் திரியாகத் திரளுமாயின், சில நாள் பொறுத்து இறங்குவதே நலம்.