இரண்டாவது சட்டையின் நிறம்

2011ஆம் ஆண்டில் ரக்பி உலகக் கோப்பைப் போட்டிகள் நியூசிலாந்தில் தொடங்குவதற்குச் சிறிது காலம் முன்னர், இங்கிலாந்து அணி தன் வழக்கமான வெள்ளைச் சட்டையோடு, மாற்றுச் சட்டையாகக் கன்னங்கரிய சட்டை ஒன்றையும் கொண்டுவரப் போகிறது என்ற செய்தி வெளியாயிற்று. சட்டையின் நிறம் ஒரு பெரிய விஷயமா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் கறுப்பு என்பது அந்தப் போட்டிகளை நடத்தும் நாட்டின் சொந்த நிறம். அந்நாட்டு அணிக்கு உலகம் இட்டு வழங்கும் 'ஆல் பிளாக்ஸ்' என்ற பெயரே அந்த நிறத்தினால் வந்தது. எத்தனையோ நிறங்கள் இருக்க, விருந்தாளியாக வருகிறவர்கள் விருந்தளிப்பவரின் நிறத்தையே உடுத்திக்கொண்டு வருவானேன் என்று நியூசிலாந்தில் பலர் முகம் சுளித்ததில் வியப்பில்லை. அந்தக் கறுப்புச் சட்டை எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டு போனால், ஆட்டத்தின் தேவையிலே பிறந்த ஒரு பழக்கம் எவ்வாறு வியாபாரத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற சுவையான சரித்திரம் ஒன்று நமக்குக் கிடைக்கிறது.

ரக்பி ஆட்டத்தில் பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையால் முன்னோக்கி எறிவதற்கு அனுமதி இல்லை. பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் கூட்டாளிக்குத் தரவேண்டும். ஆகையால், பந்தை ஏந்திக்கொண்டு ஓடுகிறவன், தன்னை வீழ்த்தப் பாய்ந்துவரும் எதிரிகளின்மேல் நேர்ப்பார்வையை வைத்தபடியே, தனக்குப் பின்னால் ஓடிவரும் கூட்டாளியைக் கடைக்கண்ணால் தேடவேண்டியிருக்கிறது. அந்தக் கடைக்கண் பார்வைக்கு முகம் அகப்படுவதில்லை, நிறம் ஒன்றுதான் அகப்படுகிறது. பந்தின்மேல் ஆட்கள் குவியலாக விழுந்து புரளும்போது, எவனுடைய கை எங்கே இருக்கிறது என்று நொடிப்பொழுதில் நிதானித்துத் தீர்ப்புச் சொல்லவேண்டிய நடுவருக்கும் நிறமே துணை. இரு அணிகளும் ஒத்த நிறம் அணிந்தால், ஆட்டத்தின் நியாயமே குழம்பிப்போகும். மாற்றுச் சட்டை பிறந்த காரணம் இவ்வளவுதான்.

நிறம் மாறவேண்டும் என்றால் யார் மாறுவது என்ற கேள்வி உடனே எழும். ரக்பியின் பழைய சம்பிரதாயம் இதற்குச் சொன்ன விடை மிகவும் பண்பானது: விருந்தாளி தன் நிறத்தோடு வரட்டும், விருந்தளிக்கும் நாடு தன் சட்டையை மாற்றிக்கொள்ளட்டும் என்பதே அது. நியூசிலாந்துச் சங்கம் தன் முதல் வருடாந்தரக் கூட்டத்தில், மாவோரி இனத்தவரான தாமஸ் எலிசன் கொண்டுவந்த யோசனையை ஏற்று, வெள்ளிநிறப் பெரணி இலை பொறித்த கறுப்புச் சட்டையைத் தன் அணிக்கு வகுத்துக்கொண்டது 1893ஆம் ஆண்டில். அதன்பின் முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1930இல், பிரிட்டிஷ் தீவுகளின் கூட்டணி கருநீலச் சட்டையோடு அங்கே வந்து இறங்கியபோது, கறுப்புக்கும் கருநீலத்துக்கும் பேதம் தெரியாதே என்பதற்காக, உலகமே கறுப்பர்கள் என்று அழைத்த அந்த அணி, தன் சொந்த மண்ணிலே, தன் சொந்த ஜனங்களின் எதிரிலே, வெள்ளைச் சட்டை அணிந்து ஆடிற்று. முதல் டெஸ்ட் ஆட்டத்தில் தோற்றும், அடுத்த மூன்றில் வென்று தொடரைக் கைப்பற்றிய அவர்களுடைய கௌரவம், வெள்ளை அணிந்ததனால் அணுவளவும் குறைந்துவிடவில்லை.

தேவைக்காக எடுத்துக்கொண்ட நிறமே பின்னர் ஒரு தேசத்தின் நிறமாக நிலைபெற்றுவிட்ட அதிசயமும் உண்டு. இன்று ஆஸ்திரேலிய அணி என்றாலே பொன்மஞ்சள்தான் நினைவுக்கு வரும். ஆனால் முன்பு அவர்கள் அணிந்தது பச்சை. தென்னாப்பிரிக்க அணியின் சட்டையும் பச்சை. ஆதலால் 1961இல் ஆஸ்திரேலியர் தென்னாப்பிரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் போனபோது, குழப்பம் நேராதிருக்க மஞ்சள் உடுத்தினார்கள். அதன்பின் அந்த மஞ்சளையே தமக்கு உரியதாக்கிக்கொண்டார்கள். எந்த விளம்பரக்காரரும் அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை. எந்தக் கடையும் அதை விற்பதற்காகக் காத்திருக்கவில்லை. மாற்று நிறத்துக்கும் ஒரு மரபு உண்டாகலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

இந்த நிலைமை மாறியது ஏன்? 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வரையில் ரக்பி யூனியன் என்பது, சட்டப்படியாவது, சம்பளம் வாங்காமல் ஆடும் ஆட்டமாக இருந்தது. அந்த மாதத்தில் அத்தடை நீங்கிற்று. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று ஏற்பட்டவுடன் சங்கங்களுக்குப் பணம் தேவைப்பட்டது. பணம் வரும் வழிகளில் ஒன்று சட்டையாக இருந்தது. காலரும் ரப்பர்ப் பொத்தானும் வைத்து, மழையில் நனைந்தால் கனத்துத் தொங்கும் பருத்திச் சட்டை போய், உடலோடு ஒட்டிப் பிடிக்கும் செயற்கை இழைச் சட்டை வந்தது. இங்கிலாந்துச் சங்கம் 1997இல் நைக்கி கம்பெனியோடும், நியூசிலாந்துச் சங்கம் 1999இல் அடிடாஸ் கம்பெனியோடும் கைகோத்தன. அணிக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் உரிமைக்காகக் கம்பெனி சங்கத்துக்குப் பெருந்தொகை கொடுக்கும். அதே மாதிரிச் சட்டையை லட்சக்கணக்கான ரசிகர்களுக்கு விற்று அந்தத் தொகையையும் லாபத்தையும் எடுத்துக்கொள்ளும். ஏற்பாட்டின் சாரம் இதுவே.

இங்கேதான் வியாபாரிக்கு ஒரு சங்கடம் நேர்கிறது. இங்கிலாந்தின் சட்டை 1871இல் எடின்பரோ நகரத்தில் நடந்த முதல் சர்வதேச ஆட்டத்திலிருந்து வெள்ளை; அதன் நெஞ்சில் ஒரு சிவப்பு ரோஜா. காலரை மாற்றலாம், தையலை மாற்றலாம், ஓரத்தில் ஒரு கோடு இழுக்கலாம். வெள்ளையை மாற்ற முடியாது. சென்ற ஆண்டு வெள்ளைச் சட்டை வாங்கிய ரசிகனை இந்த ஆண்டும் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கச் செய்வது எளிதன்று. நம் வீடுகளில் கூறைப்புடவையின் நிறத்தைக் குலவழக்கம் நிர்ணயிக்கிறது, தீபாவளிப் புடவையின் நிறத்தை ஜவுளிக்கடைக்காரர் நிர்ணயிக்கிறார். ரக்பியிலும் மரபு காவல் காக்கும் முதல் சட்டையைத் தொட முடியாத வியாபாரம், காவல் இல்லாத இரண்டாவது சட்டையில் தன் கைவரிசை முழுவதையும் காட்டத் தொடங்கிற்று.

2009ஆம் ஆண்டு நவம்பரில் டுவிக்கன்ஹாம் மைதானத்தில் அர்ஜென்டினாவை எதிர்த்து ஆடிய இங்கிலாந்து அணி, கத்தரிக்காய் நிறச் சட்டையில் காட்சியளித்தது. அர்ஜென்டினாவின் சட்டை இளநீலமும் வெள்ளையும் மாறிமாறி வரும் பட்டைகளால் ஆனது. ஆகவே வெள்ளைச் சட்டையை மாற்றவேண்டிய அவசியம் வாஸ்தவமானதே. ஆனால் அந்த அவசியத்துக்குச் சிவப்போ கருநீலமோ போதுமாயிருக்க, ரோஜாவுக்கும் அந்த நாட்டுக் கொடிக்கும் தொடர்பில்லாத ஊதாவைத் தேடிப்போனது, கடையில் தொங்கும்போது கண்ணைப் பறிக்கவேண்டும் என்பதற்காக அல்லாமல் வேறு எதற்காக என்று கேட்கத் தோன்றுகிறது.

2011ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டையைப் பார்க்கும்போது இந்த ஐயம் இன்னும் வலுக்கிறது. அந்தச் சட்டை முதன்முதலில் மைதானத்துக்கு வந்தது ஆகஸ்டு மாதம் டுவிக்கன்ஹாமில், வேல்ஸ் அணிக்கு எதிரான ஒத்திகை ஆட்டத்தில். வேல்ஸின் சட்டை சிவப்பு. சிவப்புக்கும் வெள்ளைக்கும் எந்த மோதலும் இல்லை. நூறாண்டுக்கு மேலாக அவ்விரு நிறங்களும் எதிரெதிரே நின்று ஆடி வந்திருக்கின்றன. சட்டையைக் காட்டுவதைத் தவிர அன்றைக்கு அந்தச் சட்டைக்கு வேறு வேலை இல்லை. பின்பு செப்டம்பர் 10ஆம் தேதி, நியூசிலாந்தின் டனீடன் நகரத்தில், மறுபடியும் அர்ஜென்டினாவுக்கு எதிராக, இங்கிலாந்தார் அதே கறுப்பில் இறங்கினார்கள். 13க்கு 9 என்று தட்டுத்தடுமாறி வென்ற அந்த ஆட்டத்தில், சட்டைகளின் முதுகில் ஒட்டியிருந்த வெள்ளை எண்கள் ஒவ்வொன்றாக உரிந்து தொங்கலாயின. ஆட்டக்காரனை அடையாளம் காட்டுவதற்கென்று ஏற்பட்ட சட்டை, அந்த ஒரே காரியத்தையும் செய்யத் தவறிற்று!

அதே மாதங்களில் கறுப்புச் சட்டையின் உண்மையான சொந்தக்காரர்களுக்கும் வியாபாரத்தோடு ஒரு பிணக்கு ஏற்பட்டது. ஆல் பிளாக்ஸ் சட்டை நியூசிலாந்துக் கடைகளில் 220 டாலருக்கு விற்க, அதே சட்டை அயல்நாட்டு இணையக் கடைகளில் ஏறக்குறையப் பாதி விலைக்குக் கிடைப்பதை ஜனங்கள் கண்டுபிடித்துக் கொதித்தார்கள். தேசத்தின் நிறத்தை அந்தத் தேசத்தாருக்கே அதிக விலைக்கு விற்பதா என்பதே அவர்களுடைய கேள்வி.

அந்தப் போட்டிகளின் முடிவில், அக்டோபர் 23ஆம் தேதி ஆக்லந்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், பழைய சம்பிரதாயத்தின் பண்பு, இம்முறை விருந்தாளியின் பக்கத்திலிருந்து, ஒரு நாள் திரும்பி வந்தது. தம் கருநீலத்தை அணியும் உரிமை பிரான்ஸ் அணிக்குக் கிடைத்திருந்தது. இருந்தும் அவர்கள் விருந்தளித்த நாட்டுக்குக் கறுப்பை விட்டுக்கொடுத்துத் தாம் வெள்ளை அணிந்தார்கள். 8க்கு 7 என்று ஒரே புள்ளியில் தோற்றுப்போன அந்த அணியின் வெள்ளைச் சட்டையைப்பற்றி யாரும் குறை கூறவில்லை. ஒரே போட்டித் தொடரில், ஒரே நாட்டு மண்ணில், ஒரே நிறத்தைக் குறித்து இரண்டு அணிகள் நடந்துகொண்ட விதம் இரண்டு வேறு யுகங்களைக் காட்டுகிறது.

கம்பெனிகள் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஆட்டத்தின் தேவையை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2007ஆம் ஆண்டின் உலகக் கோப்பையில் அத்தாட்சி உண்டு. எடின்பரோவில் ஸ்காட்லாந்தை எதிர்த்து ஆடிய நியூசிலாந்தார், கருநீலத்தோடு மோதாதிருக்க வெள்ளி கலந்த சாம்பல் நிறச் சட்டை அணிந்தார்கள். ஆனால் அதில் கறுப்பும், ஸ்காட்லாந்துச் சட்டையில் வெளிர்நிறப் பட்டைகளும் விரவிக் கிடந்தமையால், இரு அணிகளும் ஒன்றுபோலவே தோன்றி, பார்வையாளர்கள் யார் எவர் என்று அறியாமல் திகைத்தார்கள். 40க்கு 0 என்று ஆட்டம் முடிந்தது. ஏச்சு மட்டும் முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து கார்டிப் நகரத்தில் நடந்த கால் இறுதியில், பிரான்சின் கருநீலத்தை முன்னிட்டு அதே சாம்பல் நிறத்தை அணிந்து, 20க்கு 18 என்று தோற்று வெளியேறினார்கள். தோல்விக்குச் சட்டை காரணம் ஆகாது. என்றாலும் அந்தச் சாம்பல் நிறத்துக்கு ரசிகர்கள் மனத்தில் பிறகு நல்ல இடம் கிடைக்கவில்லை.

இவ்வளவும் சொன்னபின், வியாபாரத்தையே முற்றும் பழிப்பது நியாயம் ஆகாது. சட்டை விற்ற பணம் ஆட்டக்காரரின் சம்பளத்துக்கும் இளையவர்களின் பயிற்சிக்கும் போகிறது. புதிய நிறத்துக்கு அர்த்தம் உண்டானால் ஜனங்கள் அதைப் பொறுத்துக்கொள்ளவும் செய்கிறார்கள். 2017இல் தென்னாப்பிரிக்க அணி அர்ஜென்டினாவின் சால்டா நகரத்தில் சிவப்புச் சட்டை அணிந்து ஆடியபோது, இனபேதத்தினால் பிரிந்து கிடந்த ரக்பிச் சங்கங்கள் ஒன்றாய் இணைந்து இருபத்தைந்து ஆண்டு நிறைந்ததை அது குறித்தது. பசுமைக்குப் பழகிய கண்களுக்குச் சிவப்பு உறுத்தியிருக்கலாம், ஆனால் அதற்குச் சொல்ல ஒரு காரணம் இருந்தது.

இப்போது மாற்றுச் சட்டைக்கு மறுபடியும் ஒரு மெய்யான அவசியம் வந்து வாய்த்திருக்கிறது. ஆண்களில் ஏறக்குறையப் பன்னிரண்டு பேருக்கு ஒருவரும், பெண்களில் இருநூறு பேருக்கு ஒருவரும் நிறக்குருடு என்னும் குறையோடு பிறக்கிறார்கள். அவர்களில் மிகப் பலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாத ஒரே மங்கலாகத் தெரிகின்றன. செஞ்சட்டை வேல்ஸும் பச்சைச் சட்டை அயர்லாந்தும் மோதும் ஆட்டம், மற்றவர்களுக்கு வர்ணஜாலம். அவர்களுக்கோ முப்பது பேர் ஒரே அணியாய் ஓடும் குழப்பம். மைதானத்தில் பந்தை ஏந்தி ஓடுகிறவர்களிலும், விசில் ஊதுகிறவர்களிலும்கூட இந்தக் குறை உடையவர்கள் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். உலக ரக்பி ஸ்தாபனம் 2021இல் இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டு, பின்னர், 2027ஆம் ஆண்டு உலகக் கோப்பையை முன்னிட்டு, இத்தகைய நிறமோதல்களைத் தவிர்ப்பதைக் கட்டாயமாகவும் ஆக்கிற்று. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக் காலத்தில் ஒன்று கருமை, மற்றது வெண்மை என்று இருந்தால் போதும் என்று கண்டிருந்த எளிய உண்மைக்கே, இத்தனை வர்ணங்களையும் சுற்றிவிட்டு ஆட்டம் திரும்பி வந்திருக்கிறது.

ஆகவே இரண்டாவது சட்டைக்கு எந்த நிறம் பொருந்தும் என்று கேட்டால், அது யாருக்காக மாறுகிறது என்று திருப்பிக் கேட்பதே தக்க விடை. 1930இல் விருந்தாளிக்காக மாறிற்று; 1961இல் ஆட்டத்துக்காக மாறிற்று; இனி, வேறுபாடு தெரியாமல் தவிக்கும் கண்களுக்காக மாறவேண்டும். இந்த மூன்றில் எதற்காக மாறினாலும், அதைத் தைத்து விற்று நாலு காசு சம்பாதிக்கும் கம்பெனியை யாரும் குறை சொல்லமாட்டார்கள்; விற்பதற்காகவே மாறுகிற நிறம் மட்டும், அடுத்த நிறம் கடைக்கு வருகிற வரையில்தான் நிறம்.