கார்டு வட்டம் யாருக்குப் போய்ச் சேருகிறது?

அருப்புக்கோட்டையிலிருந்து எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் உள்ளது பந்தல்குடி. வானம் பார்த்த கரிசல் பூமி. ஒரு மழை தவறினால் பருத்தியும் சோளமும் மிளகாயும் கூடவே தவறும். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சிலருக்குக் கூலி கிடைக்கிறது. இப்பேர்ப்பட்ட ஊரில் விதையும் உரமும் மளிகையும் விற்கும் வியாபாரிக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய் லாபம் நிற்குமாயின் அதுவே பெரிது. அந்த ஐந்து ரூபாயிலும் கண்ணுக்குப் புலப்படாமல் ஒரு பங்கு கழிந்துபோகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

வாடிக்கைக்காரர் கார்டை நீட்டுகிறார், கடைக்காரர் இயந்திரத்தில் வைக்கிறார், காகிதம் வெளிவருகிறது. வியாபாரம் முடிந்ததென்று இருவரும் எண்ணுகின்றனர். ஆனால் மறுநாள் கடைக்காரர் கணக்கில் வரவாவது முழுத் தொகையன்று. முன்னாளில் உண்டியலைத் தவணைக்கு முன் மாற்றினால் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள். அதற்கு வட்டம் என்று பெயர். கார்டிலும் அதுவே நடைபெறுகிறது.

இந்த வட்டத்தில் மூவருக்குப் பங்குண்டு. கார்டு கொடுத்த பாங்கிக்குப் பெரும் பாகம் போகிறது. இரண்டு பாங்கிகளுக்கும் நடுவே பாதை போட்டிருக்கும் கம்பெனிக்கு ஒரு பாகம். விசா, மாஸ்டர்கார்டு என்னும் அமெரிக்கக் கம்பெனிகள் இவ்வகையின. கடைக்கு இயந்திரம் வைத்த பாங்கிக்கு மிச்சம். இயந்திரத்துக்கு மாத வாடகை இருந்தால் அது தனி.

கணக்கைப் பார்ப்போம். ஒரு விவசாயி 5,000 ரூபாய்க்கு உரம் வாங்குகிறார். அவர் கையிலிருப்பது டெபிட் கார்டாயின், வட்டத்துக்கு ரிசர்வ் பாங்கு 2018 ஜனவரி 1 முதல் ஒரு வரம்பு கட்டியது. வருஷத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டு வியாபாரம் செய்யும் கடையில் நூற்றுக்கு 40 பைசாவுக்கு மேற்படக்கூடாது. அதற்கு மேற்பட்ட கடையில் 90 பைசா. எனவே 20 ரூபாய் அல்லது 45 ரூபாயோடு போகும். டெபிட் கார்டு ரூபே கார்டாக இருந்தால், 2020 ஜனவரி 1 முதல் வட்டமே இல்லை.

கிரெடிட் கார்டாயின் கதை வேறு. அதற்கு இத்தகைய பொது வரம்பு விதிக்கப்படவில்லை. நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் 100 ரூபாய் கழியும். தொகை 2,000 ரூபாய்க்கு மேற்பட்டதால் அந்த வட்டத்தின்மேல் நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. வரியும் சேர்ந்து 118 ரூபாய் ஆகிறது. கடைக்காரர் லாபமோ 250 ரூபாய். ஏறக்குறைய பாதி போயிற்று! வரி செலுத்தும் பெரிய வியாபாரி அந்த 18 ரூபாயைத் தம் கணக்கில் ஈடுசெய்து கொள்ளலாம். பதிவு செய்து கொள்ளாத சிறு கடைக்காரருக்கு அந்த வழியும் இல்லை.

இதை வாடிக்கைக்காரரிடம் கேட்டு வாங்கலாமே எனில், டெபிட் கார்டுக்கு அப்படித் தனித்தொகை வசூலிக்கலாகாது என்று ரிசர்வ் பாங்கு 2013 ஆம் வருஷத்திலேயே கூறிவிட்டது. ஆகவே கடைக்காரர் என்ன செய்வார்? எல்லாச் சரக்கின் விலையிலும் சிறிது ஏற்றிவைப்பார். அந்த விலையைச் சுரங்கத்தில் கல்லுடைத்து, ரொக்கம் கொடுத்து அரிசி வாங்கும் கூலியாளும் கொடுக்கிறார். கார்டுக்காரருக்கோ பாங்கி வெகுமதிப் புள்ளிகளை வழங்குகிறது. அவ்வெகுமதி கடைகளிலிருந்து கழித்த வட்டத்திலிருந்தே பெரிதும் வருகிறது. ஏழை கொடுத்துச் செல்வர் பெறும் இந்த ஏற்பாடு நியாயமாகுமா?

வட்டம் வாங்குவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. வேலை செய்தவனுக்குக் கூலி உண்டு. நம் பக்கத்து ஊர்களில் மகமை என்றொரு ஏற்பாடு இருந்ததை எல்லோரும் அறிவர். அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில் நாடார் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று தாமே ஒதுக்கி உறவின்முறையிடம் கொடுத்தனர். விருதுநகரில் காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை இத்தகைய பொதுப் பணத்தால் வளர்ந்ததே. மகமையும் வியாபாரத்தில் கழியும் தொகைதான். ஆனால் கொடுப்பவனுக்கு அதன் அளவு தெரியும். அது ஊரிலேயே நின்றது. கணக்குக் கேட்கும் உரிமையும் இருந்தது. கார்டு வட்டத்தில் இம்மூன்றில் எதுவும் இல்லை.

சுதேசி வழி நமக்கு இல்லாமலில்லை. ரிசர்வ் பாங்கும் நம் பாங்கிகளும் முயன்று 2008 இல் தேசியப் பணப்பட்டுவாடாக் கார்ப்பரேஷனை ஏற்படுத்தின. அது 2012 இல் ரூபே கார்டையும், 2016 இல் யு.பி.ஐ. முறையையும் கொணர்ந்தது. 2020 முதல் சாதாரண யு.பி.ஐ. பட்டுவாடாவுக்கும் வியாபாரியிடம் வட்டம் இல்லை. பந்தல்குடியில் தேநீர்க் கடைக்காரரும் ஒரு கட்டத்தை ஒட்டிவைத்துப் பத்து ரூபாயை முழுதாகப் பெற முடிவது இதனாலேயே. இது பெருமைப்படத் தக்க விஷயம்.

ஆயினும் இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் விழிப்பும் வேண்டும். இந்தச் சாலை போய்ச் சேரும் தூத்துக்குடியில் 1906 அக்டோபரில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஆரம்பித்தார். எதிர்த்து நின்ற ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இறுதியில் இலவசமாக ஏற்றி ஒரு குடையும் கொடுத்ததென்று சொல்லப்படுகிறது. நஷ்டத்தைத் தாங்கும் மூலதனம் அவர்களிடம் இருந்தது. 1908 இல் பிள்ளையவர்கள் சிறை சென்றார்; 1911 இல் கம்பெனி கலைந்தது.

இன்று பாதை நம்முடையது. அதில் ஓடும் வண்டிகள் யாருடையவை? 2024, 2025 வருஷங்களில் யு.பி.ஐ. பட்டுவாடாக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போன்பே, கூகுள் பே என்ற இரண்டின் வழியே நடந்தன. முன்னது பெரும்பாலும் வால்மார்ட்டுக்குச் சொந்தம்; பின்னது பெயரிலேயே தெரியும். ஒரு கம்பெனி நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் கொள்ளலாகாது என்று 2020 இல் விதி செய்தார்கள். அதன் தவணையையோ 2026 டிசம்பர் வரை தள்ளிவைத்தார்கள். இதற்கிடையே, வட்டமில்லாத பட்டுவாடாவுக்காகச் சர்க்கார் பாங்கிகளுக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகை 2023-24 இல் 3,631 கோடி ரூபாயாக இருந்தது. 2024-25 க்கு 1,500 கோடி என்று குறைந்தது. கூலி கிடைக்காத வேலையை நஷ்டம் தாங்கும் பெருங்கம்பெனிகளே செய்யக்கூடும். சிறிய சுதேசி நிறுவனங்கள் ஒதுங்கிவிடும். பிறகு கட்டணம் விதிப்பவர் யார்?

ஆகையால் நாம் கேட்பவை இரண்டு. கிரெடிட் கார்டு வட்டத்துக்கும் சிறு கடைகளைப் பொறுத்தவரையாவது ரிசர்வ் பாங்கு ஒரு வரம்பு கட்ட வேண்டும். சுதேசிப் பாதையின் செலவைச் சர்க்கார் பட்ஜெட்டில் ஒளிவின்றி ஏற்கவேண்டும்; அது இயலாதாயின், கோடிக்கணக்கில் விற்கும் பெருங்கடைகளிடம் மட்டும் சிறு தொகை வாங்கட்டும். சிறு வியாபாரியைத் தொடலாகாது.

நம் கடமையும் ஒன்றுண்டு. எத்தனை கடைக்காரர்கள் பாங்கி அனுப்பும் மாதக் கணக்கைப் பிரித்துப் பார்க்கிறார்கள்? டெபிட் கார்டு எது, கிரெடிட் கார்டு எது, எதற்கு என்ன வீதம் கழிந்தது என்று வரிவரியாகப் படிக்க வேண்டும். வரம்பு மீறிக் கழித்திருந்தால் எழுதிக் கேட்க வேண்டும். இதைக் கற்பிக்க மாநாடு தேவையில்லை. ஊர் வர்த்தக சங்கத்தில் ஒரு மாலைப் பொழுது போதும். பொது வாழ்வில் ஈடுபட்ட நம் இளைஞர்கள் ஆளுக்கொரு கடைத்தெருவை எடுத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்குவார்களாக.