புராஸ்டேட் புற்றுநோய் எந்த செல்லில் தொடங்குகிறது?

ராத்திரியில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்தால், சேந்தமங்கலத்திலும் சரி, சென்னையிலும் சரி, 'வயசாயிடுச்சு' என்றே பல ஆண்கள் விட்டுவிடுகிறார்கள். அது புராஸ்டேட் சுரப்பியின் சாதாரண வீக்கமாக இருக்கலாம். சிலருக்குப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

எங்கே தொடங்குகிறது?
இந்தச் சுரப்பியின் குழாய்களில் 2 அடுக்கு செல்கள் உண்டு. உள்ளடுக்கு செல்கள் திரவம் சுரக்கும். அவற்றுக்கு அடியில் இருப்பவை அடித்தள செல்கள். புற்றுக்கட்டி பார்க்க உள்ளடுக்கு செல்கள் மாதிரியே இருப்பதால், முதல் சந்தேகம் அவற்றின் மேல்தான்.

2009: கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஷென் குழு, எலியின் உள்ளடுக்கில் ஸ்டெம் செல்களைக் கண்டறிந்தது. அவற்றிலிருந்து புற்று உருவானது.

2010: லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஓவன் விட்டே குழு, மனித அடித்தள செல்களில் மரபணு மாற்றம் செய்து எலிகளுக்குள் வைத்தது. புற்று வந்தது. அதே மாற்றம் செய்த உள்ளடுக்கு செல்களில் வரவில்லை.

ஆக, இரண்டு அடுக்குமே தொடக்கப் புள்ளியாகலாம்.

இது ஏன் முக்கியம்?
ஆண் ஹார்மோனைக் குறைத்தால் கட்டி சுருங்கும். அதையும் தாக்குப்பிடிக்கும் செல்கள் மிஞ்சினால், மீண்டும் வளரும். அவற்றை அடையாளம் கண்டால்தான் புது மருந்து சாத்தியம்.

நீங்க என்ன செய்யணும்?
ஆரம்பத்தில் அறிகுறியே இல்லாமலும் போகலாம். 50 வயதைத் தாண்டியவர்கள், பி.எஸ்.ஏ ரத்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்க. சிறுநீரில் ரத்தம் வந்தால் தள்ளிப்போடாதீங்க.