தம் வாழ்வைத் தாமே நடித்தவர்கள்

அயர்லாந்தின் மேற்கே அரன் தீவில் றொபர்ட் பிளாஹெர்ட்டி எடுத்து 1934ஆம் ஆண்டு வெளிவந்த படத்தைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். அதில் தகப்பனாகவும் தாயாகவும் மகனாகவும் தோன்றிய மூவரும் மெய்யாகவே ஒரு குடும்பத்தவர் அல்லர் என்பதையும், அவர்கள் உயிரைப் பணயம் வைத்து ஆடிய பெருஞ்சுறா வேட்டை அத்தீவார் எப்போதோ கைவிட்டுவிட்ட தொழில் என்பதையும் அறிந்த பின்னர், அதனை ஆவணப்படம் என்று சொல்வது எங்ஙனம் தகும் என்று எவரும் கேட்பது நியாயமே. ஆனால் காட்சி தானாக நிகழ்ந்ததா, நிகழ்த்தப்பட்டதா என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு ஒரு படத்தின் சத்தியத்தை அளந்துவிட முடியாது என்பதே என் திடமான அபிப்பிராயம். எவருடைய வாழ்வு திரையில் ஏறுகின்றதோ அவருக்கு அந்தப் பிம்பத்தின் மீது என்ன அதிகாரம் இருந்தது, அது பிழையென்று சொல்ல அவருக்கு இடம் கொடுக்கப்பட்டதா என்ற வினாவே எனக்கு முக்கியமாகப் படுகின்றது.

இந்த வினாவுக்கு நமது கல்முனையே ஒரு சாட்சி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் ஊருக்குள் புகுந்து மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் முழுவதையும் வாரிக்கொண்டு சென்றபோது, இலங்கை முழுவதிலும் அதிக உயிர்களை, 10,000க்கும் மேற்பட்டோரை, இழந்த மாவட்டம் நமது அம்பாறைதான். அந்தப் பிரளயத்தின் நடுவே இடிபாடுகளுக்கிடையிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு கைக்குழந்தை கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே சேர்க்கப்பட்ட ஒழுங்கின்படி 81 என்ற இலக்கத்தைப் பெற்றது. குழந்தையைத் தமது பிள்ளையென்று ஒன்பது தாய்மார் உரிமை கோரி நிற்கின்றனர் என்ற செய்தி சில நாட்களில் உலகமெங்கும் பரவி, ஒளிப்படக் கருவிகள் கல்முனையை மொய்த்துக்கொண்டன. பிள்ளையைப் பறிகொடுத்த பலர் அந்தத் தொட்டிலருகே வந்து ஏக்கத்தோடு பார்த்துச் சென்றிருக்கலாம். அது மனித இயல்பு. ஆனால் நீதிமன்றத்தின் முன் சென்று உரிமை கோரியவர்கள் ஒரேயொரு தம்பதியினர்தான். மரபணுப் பரிசோதனையும் அவர்களே பெற்றோர் என்று நிறுவ, 2005 பெப்ரவரி நடுப்பகுதியில் குழந்தை அவர்கள் கையில் சேர்ந்தது.

ஆக, நடிப்பவர் எவருமில்லாத, மெய்யான வைத்தியசாலையில், மெய்யான கண்ணீரைப் படம் பிடித்துக் காட்டிய அந்தச் செய்திச் சுருள்களின் நடுவே இருந்தது ஒரு கட்டுக்கதை. காட்சி ஒவ்வொன்றும் நிஜம், கதை பொய். சுலைமான் நபியின் தீர்ப்பை நினைவூட்டும் அந்தக் கதையை உலகம் விரும்பிற்று என்பதனாலேயே, தம் பிள்ளையைத் திரும்பப் பெறுவதற்காகப் பல வாரங்கள் அலைந்த பெற்றோர் இருவர், ஒன்பதின்மர் போட்டியில் இரண்டு பாத்திரங்களாக ஆக்கப்பட்டுவிட்டனர். அந்தக் கதையை மறுக்க அவர்களுக்கு ஒரு திரை இருக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு திருஷ்டாந்தத்தை ஈரானிலே காண்கிறோம். அப்பாஸ் கியாரொஸ்தமி 1987ஆம் ஆண்டு, ‘நண்பனின் வீடு எங்கே’ என்ற படத்தை ஈரானின் வடபகுதியிலுள்ள கோக்கர் என்னும் சிற்றூரில், அயலூர்ச் சிறுவர்களையும் முதியவர்களையுமே நடிக்கச் செய்து எடுத்தார். 1990 ஜூனில் அந்தப் பிரதேசத்தைப் பூகம்பம் நிர்மூலமாக்கி, பல்லாயிரக் கணக்கானோரைப் பலிகொண்டது. தம் படத்தில் நடித்த இரு சிறுவர்கள் உயிரோடிருக்கின்றனரோ என்ற பதைப்புடன் கியாரொஸ்தமி தம் மகனை அழைத்துக்கொண்டு காரில் புறப்பட்டார். அந்தப் பிரயாணத்தையே பின்னர் வேறொருவரை இயக்குநராகவும் வேறொரு சிறுவனை மகனாகவும் நடிக்கவைத்து அவர் ஒரு படமாக்கினார். 1992இல் வெளிவந்த ‘வாழ்வு தொடர்கிறது’ என்பது அதுவே. நிகழ்ந்ததை மீண்டும் நிகழ்த்திய படம் அது. ஆனால் வழியில் நாம் சந்திக்கும் ஜனங்கள் அந்தப் பூகம்பத்தில் தம் உற்றாரைப் பறிகொடுத்தவர்கள்.

முந்திய படத்தில் நடித்த ரூஹி என்ற முதியவர், வழியில் கழிப்பறைப் பீங்கானொன்றைச் சுமந்துகொண்டு எதிர்ப்படுகிறார். இத்தனை சாவுக்கு நடுவே இதுவா என்ற வியப்பு காண்போர் மனத்தில் எழுமுன்பே, போனவர்கள் போய்விட்டார்கள், இருப்பவர்களுக்கு இது வேண்டியிருக்கிறதே என்ற கருத்துப்பட அவர் பேசிவிடுகிறார். அத்தோடு நிற்கவில்லை. முந்திய படத்தில் தம் முதுகில் ஒரு கூனை வைத்துத் தம்மை இருப்பதைவிட முதியவராகக் காட்டிவிட்டார்கள் என்று அவர் குறைப்படுகிறார். இடியாமல் நிற்கும் வீடொன்றைக் காட்டி, இது உம்முடைய வீடுதானே என்று கேட்கும்போது, இது படத்துக்காக என் வீடு என்று சொல்லச் சொன்னார்கள், என் சொந்த வீடு இடிந்துபோயிற்று, நான் கூடாரத்தில் இருக்கிறேன் என்று திரையிலேயே உண்மையை உடைத்துவிடுகிறார்.

ஒரு கலைஞன் தன் சிருஷ்டியின் நடுவே தன்னைத் திருத்துவதற்கு ஓர் ஏழை முதியவருக்கு இடம் விட்டுக் கொடுத்ததை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் கண்டதில்லை. நமது கரையில் கூடாரங்களிலும் தகரக் கொட்டில்களிலும் காலம் கழித்தவர்களுக்கும், நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் கொடையால் எழுந்த 500 வீடுகள், எவருக்கு உரியவை என்ற வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்காக ஆளின்றிக் கிடந்ததைக் கண்டவர்களுக்கும், வீடு போல் தோன்றுவது வேறு, குடியிருக்கும் வீடு வேறு என்ற ரூஹியின் பேச்சை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பூகம்பத்துக்கு மறுநாளே மணம் முடித்துக்கொண்டதாகச் சொல்லும் இளைஞன் ஒருவனும் அந்தப் படத்தில் வருகிறான். 1994இல் வெளிவந்த ‘ஒலிவ மரங்களினூடே’ என்ற மூன்றாவது படம், அந்தச் சிறு காட்சியைப் படமெடுத்த கதையைச் சொல்வதாக அமைந்தது. திரையில் கணவன் மனைவியாக நிற்கும் இருவரில் அவன் அவளை மெய்யாகவே விரும்புகிறான், வீடற்ற அவனோடு அவள் ஒரு வார்த்தை பேசவும் இணங்கவில்லை என்று அது விரிகின்றது. முதற் படத்துச் சிறுவர்கள் இருவரும் உயிருடனிருப்பதை நாம் அறிந்துகொள்வதும் இதிலேதான். இரண்டாவது படத்தில் தேடிச் சென்றவர் அவர்களைக் கண்டாரா என்பது காட்டப்படவில்லை. செங்குத்தான மேட்டில் கார் ஏறிக்கொண்டிருக்க, படம் முடிந்துவிடுகின்றது.

நமது கடற்கரையில் இத்தகைய ஒரு படம் வரவேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். கரைவலை இழுத்தவர்களும், மருதமுனையின் தறிகளில் நெய்தவர்களும், அன்று மையித்துகளை அடக்க இடம் தேடி அலைந்தவர்களும் தாங்களே தங்களாகத் தோன்றி, அந்தக் காலையை நடித்துக் காட்டி, படமெடுப்பவர் பிழையாகச் செய்தால் ‘இல்லை தம்பி, அப்படியல்ல’ என்று மறித்துச் சொல்லும் சொல்லும் வெட்டப்படாமல் படத்தில் நிற்க வேண்டும். அன்று பள்ளிக்கூடம் சென்ற பிள்ளைகள் இன்று முப்பதை எட்டிக் குடும்பஸ்தராகிவிட்டனர். அவர்கள் கையில் படமெடுக்கும் கருவியும் இருக்கின்றது.

தமிழில் இதற்கு முன்னோடியே இல்லை என்று எவரும் கருத வேண்டாம். நம்மிடமிருந்து கடலால் பிரிக்கப்பட்ட தனுஷ்கோடியில், மீனவர்களும் இலங்கை அகதிகளும் தம் பாத்திரங்களைத் தாமே ஏற்க, இயக்குநர் லீனா மணிமேகலையும் படமெடுக்க வந்த ஒரு பெண்ணாகவே தோன்ற, ‘செங்கடல்’ என்ற படம் உருவாயிற்று. எழுத்தில் பங்குகொண்டு அதில் நடித்தவர் ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி. அரசாங்கங்களைப் பற்றி அந்த மக்கள் பேசிய பேச்சே குற்றமென்று கருதப்பட்டு 2011 ஜனவரியில் தணிக்கைச் சான்றிதழ் மறுக்கப்பட்டதையும், மேல்முறையீட்டில் அதே ஆண்டு ஜூலையில் வெட்டு ஏதுமின்றி அனுமதி கிடைத்ததையும் அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.