வழக்கு முடியும்வரை யார் செலவு? – இடைக்கால ஜீவனாம்சம்

விவாகரத்து மனு போட்ட நாளுக்கும் தீர்ப்பு வரும் நாளுக்கும் இடையே சில ஆண்டுகள் ஓடிவிடுவது இந்தியக் குடும்ப நீதிமன்றங்களில் சாதாரணம். அதுவரை வீட்டு வாடகையோ, பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ, மருந்துச் செலவோ நிற்பதில்லை. வருமானம் இல்லாதவர், அல்லது இருக்கும் வருமானம் போதாதவர் இந்தக் காலத்தைக் கடப்பதற்குச் சட்டம் செய்திருக்கும் ஏற்பாடுதான் இடைக்கால ஜீவனாம்சம். கொடுமை நடந்ததா, விட்டுப் பிரிந்தது யார் என்பதெல்லாம் மூல வழக்கில் சாட்சிகளை விசாரித்து முடிவு செய்யவேண்டியவை. இந்த மனுவில் நீதிமன்றம் முக்கியமாகப் பார்ப்பது, கேட்பவரின் தேவையையும் கொடுக்கவேண்டியவரின் சக்தியையும்தான்.

கேட்பதற்குப் பல வழிகள் உண்டு. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், பிரிவு 24-ன்படி மனைவி மட்டுமல்ல, கணவரும் கேட்கலாம். மாதத் தொகையோடு வழக்குச் செலவும் கிடைக்கும். சிறப்புத் திருமணச் சட்டத்திலும் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலும் இந்த உரிமை மனைவிக்கு மட்டுமே. மதவேறுபாடின்றி எல்லோருக்கும் பொதுவானது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவாக இருக்கிறது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இந்தப் பிரிவில் கேட்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் அதே ஜூலையில் உறுதிசெய்தது. இதில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று இருந்த உச்சவரம்பு 2001-ல்தான் நீங்கியது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பண உதவியோடு, குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவும், சீதன நகைகளைத் திருப்பித் தரச்சொல்லும் உத்தரவும் பெறலாம்.

ஒருவர் இரண்டு மூன்று சட்டங்களில் மனு போடத் தடை இல்லை. ஆனால் தொகை இரட்டிப்பாகாது. ஒன்றில் கிடைத்தது மற்றதில் கழிக்கப்படும். முதல் வழக்கில் வந்த உத்தரவை அடுத்த நீதிமன்றத்தில் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். உதாரணத்துக்கு, குடும்ப வன்முறை வழக்கில் மாதம் 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்குக் குடும்ப நீதிமன்றம் 12,000 ரூபாய் நிர்ணயித்தால், கணவர் கூடுதலாகத் தரவேண்டியது 7,000 ரூபாய். மனு போட்டு 18 மாதம் கழித்து உத்தரவு வந்தால், மனு தேதியிலிருந்தே கணக்கிட்டு 1,26,000 ரூபாய் நிலுவை சேர்ந்திருக்கும்.

மனு தேதியிலிருந்தே கணக்கிடவேண்டும் என்பது 2020 நவம்பர் 4-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் வகுத்த விதி. அதற்கு முன் சில நீதிமன்றங்கள் உத்தரவு தேதியிலிருந்துதான் கொடுத்தன. வாய்தா வாங்கி இழுத்தடிப்பவருக்கு அது லாபமாக முடிந்தது; பட்டினி கிடந்தவருக்கு அந்த மாதங்கள் போனது போனதுதான். இவ்வளவு தாமதமாகவாவது இது சரிசெய்யப்பட்டது பெரிய ஆறுதல்.

அதே தீர்ப்பு செய்த இன்னொரு காரியம், சொத்து–கடன் விவரப் பிரமாணப் பத்திரத்தை இரு தரப்புக்கும் கட்டாயமாக்கியது. சண்டையின் மையம் பெரும்பாலும் இங்கேதான். மாதச் சம்பளக்காரரின் கணக்கு சம்பளப் பட்டியலிலேயே இருக்கிறது. அங்கே தகராறு பிடித்தம் பற்றியது. வருமான வரி, கட்டாய வருங்கால வைப்பு நிதி போன்றவற்றைக் கழிப்பார்கள். வழக்கு வந்தபிறகு எடுத்த கார் லோன் தவணையைக் காட்டிக் கையில் ஒன்றுமில்லை என்றால் நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை. சொந்தத் தொழில் செய்பவர் விஷயம் கடினம். கடை அப்பா பெயரில், ஜிஎஸ்டி பதிவு தம்பி பெயரில், இவர் அங்கே சம்பளத்துக்கு இருப்பதாகச் சொல்வார். அப்போது வங்கிக் கணக்கும், கார்டு செலவும், வாழும் விதமும் பேசும். பத்திரத்தில் பொய் சொன்னால் பொய்ச் சாட்சிய நடவடிக்கை வரும்.

எவ்வளவு தொகை என்பதற்குச் சூத்திரம் இல்லை. கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அடிக்கடி மேற்கோளாகிறது. அது எல்லா வழக்குக்கும் பொருந்தும் அளவுகோல் அல்ல. மனைவி பட்டதாரி என்பதாலேயே மறுக்க முடியாது. சம்பாதிக்கும் தகுதி வேறு, உண்மையில் சம்பாதிப்பது வேறு. குழந்தைக்காக வேலையை விட்டவரிடம் பட்டச் சான்றிதழைக் காட்டி வாதாடுவது நியாயமே இல்லை. அதேசமயம், வேலையில் இருந்துகொண்டே அதை மறைத்துக் கேட்பவரின் மனு தள்ளுபடியாவது சரிதான். வேலை இல்லை என்று கணவர் கைவிரித்தாலும், உடல்நலமுள்ளவர் உழைத்தாவது குடும்பத்தைக் காப்பாற்றவேண்டும் என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு.

நோட்டீஸ் சார்வான நாளிலிருந்து 60 நாளுக்குள், முடிந்தவரை, மனுவை முடிக்கவேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையை அறிந்த உச்ச நீதிமன்றமோ, பிரமாணப் பத்திரங்கள் வந்தபின் நான்கு முதல் ஆறு மாதம் என்றது. எதிர்மனுதாரர் பதிலும் பத்திரமும் தர நான்கு வாரம். இரண்டு வாய்ப்புக்கு மேல் கிடையாது. வேண்டுமென்றே தாமதித்தால் அவரது எதிர்வாதத்தையே நீக்கிவிடலாம். இந்த அதிகாரத்தை நீதிமன்றங்கள் தயங்காமல் பயன்படுத்தவேண்டும்.

உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால், இந்துத் திருமணச் சட்ட உத்தரவை டிக்ரியைப் போல நிறைவேற்று மனு போட்டு வசூலிக்கலாம். ஜீவனாம்சத்துக்காகச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை ஜப்தி செய்ய இடமுண்டு. 144-ஆவது பிரிவில் வாரண்ட் பிறப்பித்து, கொடுக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறையில் வைக்கலாம். சிறைக்குப் போய்வந்ததால் பாக்கி தீர்ந்துவிடாது. ஆனால், தொகை கொடுக்கவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான் அந்தத் தொகைக்கு இந்த வாரண்ட் கிடைக்கும். வேலை போனாலோ சம்பளம் உயர்ந்தாலோ தொகையை மாற்றச் சொல்லி இரு தரப்பும் மீண்டும் அதே நீதிமன்றத்தை அணுகலாம்.