கேட்கும் முறை – 11: பத்தில் எட்டு போதாது

பதின்வயதுப் பிள்ளைகள், சாகும் எண்ணமில்லாமலே தங்களைக் காயப்படுத்திக்கொள்வது எதற்காக? 39 வாக்கியங்களைக் கொண்டு 13 காரணங்களை விசாரிக்கும் ‘ஐசாஸ்’ வினாப்பட்டியலைப் போன வாரம் பார்த்தோம். கிளான்ஸ்கியும் கிளென்னும் 2009-ல் வெளியிட்டது. அந்தக் காரணங்கள் ‘எனக்குள்’, ‘மற்றவரோடு’ என்று இரண்டாகப் பிரிவது ஈரானியப் பிள்ளைகளிடமும் பொருந்துமா என்று இந்த வாரம் பார்ப்பதாக இருந்தது. அதற்குள் லாஷே வந்துவிட்டார்.

சார்லஸ் லாஷே அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்துத் தொழில்துறை உளவியலாளராக இருந்தவர். வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுகள்தான் அவருடைய கவலை. ஒரு கேள்வி தேர்வில் இருந்தே ஆக வேண்டுமா என்று நிபுணர்களைக் கேட்டு, ‘அவசியம்’ என்றவர்களை எண்ணிப் பார்க்க 1975-ல் ஒரு கணக்கு தந்தார். இன்று ஈரானில் ஒரு உளவியல் வினாப்பட்டியலைப் பாரசீகத்துக்குக் கொண்டுவருபவர்கள் வழக்கமாக அந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

பத்து நிபுணர்களில் எட்டுப் பேர் ‘அவசியம்’ என்றால் கேள்வி தப்பித்துவிடும் என்றுதானே நினைப்போம்? தப்பிக்காது. ‘அவசியம்’ என்றவர்களிலிருந்து குழுவில் பாதியைக் கழித்து, அந்தப் பாதியாலேயே வகுக்க வேண்டும். எட்டில் ஐந்து போனால் மூன்று. அதை ஐந்தால் வகுத்தால் 0.60. லாஷேயின் அட்டவணை பத்துப் பேருக்குக் கேட்பது 0.62. ஒன்பதாவது ஆளும் தலையசைத்தால்தான் கேள்வி உள்ளே. ஐந்து பேர் குழு என்றால் ஐவரும் சம்மதிக்க வேண்டும். நாற்பது பேர் என்றால் 26 போதும். சின்னக் குழுவில் தற்செயலாகவே எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்துவிடலாம். அதனால்தான் இந்தக் கண்டிப்பு.

கண்டிப்பு நல்லதுதான். ஆனால் ‘என்னை நானே தண்டித்துக்கொள்ள’ என்ற காரணத்தைக் கேட்கும் வரி இப்படி ஒரே ஒரு தலையசைப்புக் குறைந்ததால் விழுந்துவிட்டால், அதே காரணத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் குறியிட இடமே இல்லை. எனவே நிபுணர்களோடு நிற்காமல், தாளை மாணவர்களிடமே கொடுத்து எந்த வரி புரியவில்லை என்று கேட்டாக வேண்டும். ஈரானில் ஆண், பெண் பள்ளிகள் தனித்தனி. இரண்டிலும் கேட்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் பயம். பக்கத்திலிருப்பவள் எட்டிப் பார்ப்பாளோ, தாள் தலைமையாசிரியைக்கோ வீட்டுக்கோ போகுமோ என்று சந்தேகித்தாலே எல்லா வரியிலும் ‘இல்லை’ விழும். அந்தப் பொய்யைக் கணக்கும் பிடிக்காது. உளவியலாளர் குரோன்பாக் 1951-ல் தந்த ‘ஆல்ஃபா’ என்ற எண், வரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று மட்டுமே சொல்லும். பதில் உண்மையா என்று அதற்குத் தெரியாது.

கேட்டாலே எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுவது உண்டு. தற்கொலை எண்ணம் பற்றி நியூயார்க் மாநிலத்தின் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் நடத்தி 2005-ல் வெளியான ஆய்வு, கேட்டதால் மன உளைச்சல் கூடவில்லை என்றே கண்டது.

இரண்டாகப் பிரியும் காரணங்கள் அடுத்த வாரம். அதுவரை, உங்கள் வீட்டுப் பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகத் தெரிந்தால் அதட்டாமல் பேசுங்கள். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

(தொடரும்)