அலை ஏற்றும் அக்கா

உள்ளே விட்டுவிட்டார்கள்! சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தின் பசுமைக்குடில். எங்கள் வேங்கிக்காலில் ஏரித் தண்ணீர் பாயும் வயலில் நண்டு பிடித்து வளர்ந்த என் அண்ணன் மகன், இங்கே உப்புத் தண்ணீரில் காட்டு நெல் வளர்க்கிறான். "அத்தை, செருப்பை அங்கேயே விடுங்க, உள்ள ஒரே சேறு" என்று முன்னால் ஓடுகிறான். நீங்களும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாருங்கள்.

அப்பா, என்ன புழுக்கம்! கொதிக்கும் இட்லிப் பானையைத் திறந்து முகத்தை நீட்டியதுபோல் இருக்கிறது. காலடியில் ரப்பர் குழாய்கள், பக்கெட்டுகள். ஒவ்வொரு தொட்டியிலும் மார்க்கரில் எண் எழுதிச் செருகிய ஐஸ்கிரீம் குச்சி. மூலையில் உப்பு மூட்டை, அதன்மேல் யாருடைய டிபன் பாக்ஸோ!

இதோ, நாம் பார்க்க வந்தவள். கோரைபோல் விறைத்து நிற்கிறாள். ஒரைசா கோவார்க்டேட்டா என்று பெயர். சுந்தரவனத்திலும் சிந்து நதி முகத்துவாரத்திலும் அலை மூழ்கடிக்கும் சேற்றுத்திட்டுதான் பிறந்த வீடு. வங்காளத்தில் 'தானி காஸ்', அதாவது நெற்புல் என்கிறார்கள். அதே தண்ணீரைக் குடித்த வயல் நெல் பக்கத்துத் தொட்டியில் நுனி கருகிச் சுருண்டு கிடக்கிறது. பார்க்கவே பாவமாக இருக்கிறது.

கடல் அலைக்கு எங்கே போவது? அதற்கு ஓர் அக்கா இருக்கிறார். காலையும் மாலையும் உப்பை நிறுத்துக் கரைத்துத் தொட்டியில் ஏற்றுகிறார், பிறகு வடிக்கிறார். "நான் லீவு போட்டா வங்கக் கடலுக்கே லீவு!" என்கிறார். குடிலே சிரிக்கிறது. விரல் இடுக்கெல்லாம் உப்பு அரித்த வெடிப்பு. அந்தக் கையை நான் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டேன்.

"இலையைத் தடவிப் பாருங்க அத்தை." நறநறக்கிறது! உப்பேதான். நாக்கில் வைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டான். இங்கே எதையும் வாயில் வைக்கக் கூடாதாம்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் மூச்சே நின்றுவிட்டது. இலையின் மேற்புறத்தில் குட்டிக்குட்டி மயிர்கள், ஒவ்வொன்றும் ஒரே செல். உப்பைச் சேர்த்து வைக்கும் பைகள். நிரம்பினால் வெடிக்கும், பிறகு புதிது முளைக்கும். சோடியத்தை இப்படித் துப்பிவிட்டுப் பொட்டாசியத்தை உள்ளே பத்திரப்படுத்திக்கொள்கிறது இந்தப் புல்.

இந்தச் சாமர்த்தியத்தை வயல் நெல்லுக்குக் கொடுப்பதுதான் பெரும்பாடு. நம் நெல்லுக்கு 24 குரோமோசோம்கள், இதற்கு 48. லேசில் ஒட்டாத சம்பந்தம். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 34,000 முறை இரண்டையும் கலப்புச் செய்து பார்த்தது. காப்பாற்ற முடிந்தவை மூன்றே கருக்கள், வளர்ந்தது ஒன்று. 2013-இல் அந்தச் சேதி வந்தது. அந்த ஒற்றை நாற்றை எத்தனை பேர் ராத்தூக்கம் இல்லாமல் காவல் காத்திருப்பார்கள்!

"தள்ளுங்கம்மா, அலை வருது!" அக்கா குழாயைத் திறக்கிறார். தண்ணீர் ஏறி இலைகளை மூடுகிறது. மேலே படிந்திருந்த வெள்ளைப் பொடி மெல்லக் கரைகிறது.